உள்பலகை

லிஃப்டுக்குள் நுழையவில்லை.
குணாளன் மூன்று முறை அளந்தும்
அளவுநாடாவுக்குத் தெரியாத ஒரு விரற்கடை.
ஊபி கிடங்குப் பையன்கள் இருவரும்
நான்கு மாடியும் தோளிலேயே ஏற்றினார்கள்.
ஒவ்வொரு திருப்பத்திலும் முனகியது நான்தான்,
மேசை அல்ல.

ஐம்பத்தெட்டில் செய்தது என்றார் கடைக்காரர் ஹோ.
டென்மார்க் தச்சு, பர்மா மரம்.
ஆற்றில் மிதந்து, கப்பலேறி,
பனிநாட்டில் கால் மெலிந்து,
அறுபது வருடம் யாரோ
உருளைக்கிழங்கு தின்று முடித்தபின்
கன்டெய்னரில் மறுபடி கிழக்கே.
பில்லில் 'டீக்' என்று போட்டிருந்தது.
நம் தேக்கு,
துறைமுகம் துறைமுகமாய் எழுத்துத் தேய்ந்து
கோட்டு மாட்டிக்கொண்டு வந்து
என்னிடமே பெயர் சொல்லிக் கைகுலுக்குகிறது.
இரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளி.
பேரம் படியவில்லை.

இருப்பது இரண்டு பேர்,
ஆறு நாற்காலி எதற்கு என்றாள் தங்கை.
ஒன்றில் சலவைத் துணி,
ஒன்றில் அவருடைய கணினிப் பை,
ஒன்றில் நேற்றைய முரசு,
இரண்டில் நாங்கள் என்று கணக்குக் காட்டினேன்.
அப்போதும் ஒன்று மிஞ்சியது.

இரவு பத்தரைக்கு அவருக்கு ஆசை வந்தது.
மேசைக்குள் இன்னொரு பலகை படுத்திருக்கிறதாம்.
நாற்காலிகளை இழுத்து ஒதுக்கி,
இரு முனையையும் பிடித்து இழுத்தோம்.
பாதியில் நின்றுகொண்டது.
திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை,
நடுவில் ஒரு சாண் இருட்டு.
அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.
இருபத்திரண்டு வருடத்தில்
எங்களுக்கு இது புதிய நிலை அல்ல.

கதவு தட்டப்பட்டது.
கீழ்வீட்டு ஜுலைகா. தாதி.
விடியுமுன் ஐந்தரைக்கு வேலைக்குப் போகிறவள்.
"மேல என்னக்கா, லாரியா ஓட்டுறீங்க?"
கேட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.
பார்த்தவள் செருப்பைக் கழற்றினாள்.

யாரையும் கேட்காமல் குனிந்து
மேசைக்கடியில் கை விட்டு
எதையோ தள்ளினாள். "இப்ப இழுங்க."
தூக்கம் கலைந்ததுபோல் விரிந்தது பலகை.

மேல்பலகை தேன் நிறம்.
உள்பலகை கோப்பி-ஓ.
ஒரே மரம்தான், இது மட்டும் வெயில் படாதது.
அந்த வீட்டுக்கு விருந்தாளியே வரவில்லையா,
வந்தவர்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்களா,
யாரைப் போய்க் கேட்பது?

"எங்க வீட்டுலயும் இதே மேசைதான்.
வீடு மாத்துறப்போ காராங்குனிக்காரன்கிட்ட குடுத்தேன்.
முப்பது வெள்ளி. முப்பதா, இருபதா?"
எங்கள் விலையைச் சொல்ல
குணாளன் வாயைத் திறந்தார்.
எனக்கு இருமல் வந்தது.

விளிம்பின் அடிப்புறமாக விரலை ஓட்டிக்கொண்டே
மேசையை ஒரு முழுச் சுற்று சுற்றினாள்.
தம்பி ஒட்டிய பபிள்கம் இருக்குமாம்.
"இல்ல. எங்களோடது இல்ல"
என்றாள், பரிசோதனை முடிவு சொல்லும் குரலில்.
ஆனாலும் மிஞ்சிய நாற்காலியை இழுத்தாள்.
க்ரீச்.
தன் வீட்டு உத்தரத்தில்தான் அது விழுகிறது என்று
அவளுக்கே சிரிப்பு.

தண்ணீர் குடித்தாள்.
கிளாஸ் வைத்த இடத்தில் ஈர வளையம்.
துடைக்க எழுந்த குணாளன்
என்ன நினைத்தாரோ, உட்கார்ந்துவிட்டார்.
மணி பதினொன்று இருபது.

மறுநாள் மாலை கதவுப் பிடியில் ஒரு பை.
உள்ளே பச்சைக் கம்பளி வட்டங்கள்,
ஒரு வெள்ளிக் காசளவு, கத்தரிக்கோல் கொஞ்சம் கோணலாய்.
எண்ணினேன், இருபத்துநான்கு.
ஆறு நாற்காலியையும் கணக்கில் வைத்திருக்கிறாள்.

பலகையை இன்னும் மூடவில்லை.
கூடத்தில் நடக்க இப்போது
இடுப்பைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.
தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாய் ஒட்டுகிறேன்.
தேக்கு என்பது ஏவல் வினையும்கூட
என்று பள்ளிக்கூடத்து மூளை எடுத்துக் கொடுக்கிறது.
எதைத் தேக்க என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை அதற்கு.

பதினேழாவது காலைத் திருப்புகிறேன்.
காய்ந்த பசை.
அதில் நகக்கண் அளவு சாம்பல் நிறக் கம்பளி.

அங்கேயும் ஒரு கீழ்வீடு இருந்திருக்கிறது.